வேலூரில் வீட்டுச் சில்லறை ரிப்பேருக்கு ஆள் வைத்தால் எவ்வளவு ஆகும்?

கேள்வி இது: சத்துவாச்சாரியில் இருபது வருஷத்து வீடு. சமையலறைக் குழாய் சொட்டுகிறது, ஹால் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, பாத்ரூம் கதவு தட்டுகிறது, பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவரில் ஈரம், மொட்டை மாடியில் விரிசல். எல்லாவற்றுக்கும் ஒரே ஆளைக் கூப்பிடலாமா, நாள் கூலியா பேசிய ரேட்டா, மொத்தம் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்?

முதலில் கூலி. வேலூர், காட்பாடி பக்கம் இப்போது பேசப்படும் அளவு சுமாராக இப்படி இருக்கிறது: கொத்தனாருக்கு நாளுக்கு 1,000 முதல் 1,300 ரூபாய், கூட வரும் பெரியாளுக்கு (ஆண் உதவியாள்) 700 முதல் 900, சித்தாளுக்கு 500 முதல் 700. பெயிண்டர் 900 முதல் 1,100. ஆசாரி 1,100க்குக் குறைந்து வருவதில்லை. பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் நாள் முழுக்க வந்தால் கொத்தனார் கூலிதான். ஆனால் அவர்கள் நாள் கணக்கில் வருவது அபூர்வம், ஒரு நடைக்கு 200 முதல் 400 என்று வாங்குவார்கள். தெருவுக்குத் தெரு நூறு ரூபாய் முன்னே பின்னே இருக்கும். ஒரேயடியாகக் குறையாததற்குக் காரணம் உண்டு. கை தேர்ந்த ஆள் காட்பாடியில் ரயிலேறினால் சென்னைக்கும் போகலாம், பெங்களூருக்கும் போகலாம். இரண்டு இடத்திலும் கூலி அதிகம். இங்கே நிற்பவரை நிறுத்தி வைக்க இங்கேயும் ஓரளவு கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

நாள் என்றால் எத்தனை மணி நேரம் என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அணைக்கட்டு, கணியம்பாடி, ஊசூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஆட்கள் ஒன்பதரைக்குக் கைவைத்து ஐந்தரைக்குச் சட்டி கழுவுவார்கள். நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு, பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ. டீ செலவு வீட்டுக்காரருடையது, அதில் கணக்குப் பார்க்க வேண்டாம். ஆக ஒரு நாள் கூலிக்குக் கையில் கிடைக்கும் வேலை ஆறரை மணி நேரம்தான். சனிக்கிழமை சம்பள நாள் என்பதால் மதியத்துக்கு மேல் இன்னும் சுருங்கும். உடைத்துச் செய்கிற வேலையைச் சனிக்கிழமை தொடங்காதீர்கள், திங்கட்கிழமை வரை பாத்ரூம் திறந்தபடி கிடக்கும்.

பத்து ரூபாய் வாஷர் மாற்ற 300 ரூபாயா என்று பலருக்கும் எரிச்சல். அந்த 300 வாஷருக்கு அல்ல. வண்டி பெட்ரோல், கடைக்கு ஒரு நடை, அந்த நேரத்தில் விட்டுப்போகும் வேறு வேலை, எல்லாம் அதில் அடக்கம். அதனால் தனித்தனியாக ஐந்து தடவை கூப்பிட்டால் ஐந்து 300 போகும். வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, சொட்டுகிற குழாய், ஆடுகிற சுவிட்ச், இறுகிப்போன வால்வு என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அரை நாள் வேலையாகக் கட்டிக் கொடுங்கள். அரை நாள் 600 அல்லது 700 ரூபாயில் ஆறேழு சில்லறை வேலை முடியும். ஒரே ஆளுக்குப் பிளம்பிங்கும் தெரியும், ஃபேனும் மாட்டுவார், கதவையும் இழைப்பார் என்று பல தெருவில் ஒருவர் இருப்பார். சில்லறை வேலைக்கு அவர்தான் லாபம். சுவர் உடைக்க வேண்டியது, மெயின் போர்டு, மொட்டை மாடி ஆகிய மூன்றுக்கும் அவரை நம்பாதீர்கள். அதற்கு அதது தெரிந்தவர் வேண்டும்.

உங்கள் பட்டியலுக்கு வருவோம்.

குழாய். பழைய திருகுக் குழாய் என்றால் உள்ளே ரப்பர் வாஷர், ஐந்து பத்து ரூபாய். கால் சுற்றில் திறக்கும் குழாய் என்றால் உள்ளே பீங்கான் தட்டு வைத்த ஸ்பிண்டில், கம்பெனியைப் பொறுத்து 120 முதல் 300. கழற்றிய பழைய ஸ்பிண்டிலைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். பல் எண்ணிக்கையும் நீளமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், போட்டோ காட்டி வாங்கியது பாதி நேரம் பொருந்தாது. வேலூரில் குழாய் சீக்கிரம் போவதற்குக் காரணம் போர் தண்ணீரின் உப்பு. மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான் போதும், குளிக்கவும் துவைக்கவும் போர்தான் பல வீடுகளில். அந்த உப்பு பீங்கான் தட்டுக்கு நடுவில் படிந்து கீறிவிடும். குழாய் வாயில் இருக்கும் சல்லடையை மாதம் ஒருமுறை கழற்றி, வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவினாலே தண்ணீர் குறைகிறது என்ற புகாரில் பாதி தீரும், ஆளே வேண்டாம். வாஷ்பேசினுக்கு அடியில் இருக்கும் ஆங்கிள் வால்வை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூடித் திறந்து வையுங்கள். வருஷக் கணக்கில் தொடாமல் விட்டால் உப்பில் இறுகி, அவசரத்துக்கு மூடப் போகும்போது கழுத்தோடு உடையும். அப்போது டேங்க் தண்ணீரையே நிறுத்த வேண்டிவரும். 250 ரூபாய் வால்வுக்காக ஒரு நாள் தண்ணீர் போகும்.

புதுக் குழாய் மாட்டும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: சுவருக்குள் இருக்கும் சிபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப்பின் முனையில் பித்தளை மரை வைத்த எல்போ (வளைவுத் துண்டு) இருக்கிறதா, வெறும் பிளாஸ்டிக் மரையா. பிளாஸ்டிக் மரையில் டெஃப்ளான் டேப்பை இருபது சுற்றுச் சுற்றி, ரெஞ்ச் போட்டு இறுக்கினால் அன்றைக்கு ஒழுகாது. சில மாதத்தில் மயிரிழை விரிசல் விட்டு, தண்ணீர் வெளியே வராமல் சுவருக்குள்ளேயே இறங்கும். உங்கள் பின்பக்கச் சுவரின் ஈரத்துக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஃபேன். ஸ்விட்ச் போட்டதும் திணறி, குச்சியால் தள்ளிவிட்டால் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் கண்டன்சர்தான், சாதாரண சீலிங் ஃபேனுக்கு 2.5 மைக்ரோஃபாரட், 50 முதல் 100 ரூபாய், பத்து நிமிஷ வேலை. கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங். 6201, 6202 என்ற எண்தான் பெரும்பாலான ஃபேனில் இருக்கும், கூலியோடு 350 முதல் 500. உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) கருகியிருந்தால் அதைப் புதிதாகக் கட்ட 500க்கு மேல் கேட்பார்கள், அங்கே நிறுத்திவிட்டுப் புது ஃபேனைப் பாருங்கள். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், இப்போதைய பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டுக்குப் பக்கம். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் வருஷத்துக்குச் சுமார் 240 யூனிட் மிச்சம். ஏப்ரலிலும் மே மாதத்திலும் ஃபேன் இரவு பகலாக ஓடும் ஊரில் இது சின்னக் கணக்கு இல்லை.

எலக்ட்ரீஷியன் வந்திருக்கும்போதே மெயின் போர்டையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இருபது வருஷத்து வீட்டில் ஆர்சிசிபி பெரும்பாலும் இருக்காது. ஷாக் அடித்தால் உடனே கரண்டைத் துண்டிப்பது அதுதான். 30 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கும் இரட்டைப் போல் வகை 1,500 முதல் 2,500க்குக் கிடைக்கும், மாட்டக் கூலி 300, 400. மாட்டியபின் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். மாட்டியதும் அடிக்கடி விழுகிறது என்றால் கருவியைக் குறை சொல்லிக் கழற்றிவிடுவார்கள். எங்கோ நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது, அல்லது கீஸர் எலிமெண்ட் கசிகிறது என்று அர்த்தம், அதைத் தேடிப் பிடிப்பதுதான் அவர் வேலை. இன்னொன்று, 16 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்) அடிக்கடி விழுகிறது என்று 32 போட்டுவிட்டுப் போகிறவரை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள். உள்ளே ஓடுவது 1.5 ஸ்கொயர் என்ற மெல்லிய ஒயர் என்றால் எம்சிபி விழாது, ஒயர்தான் எரியும். மெயின் போர்டு வேலைக்கு மின்கம்பியாளர் சான்று வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். மீட்டருக்கு முன்னால் உள்ளது எதுவானாலும் மின்வாரிய வேலை. மின்னகம் 94987 94987க்குப் புகார் சொன்னால் போதும், தனி ஆளுக்குக் காசு கொடுத்து அதைத் தொடவிடக் கூடாது.

கதவு. ஐப்பசி மழையில் ஊறித் தட்டுகிற கதவை அப்போதே இழைத்தால், சித்திரையில் விரல் போகிற சந்து விழும். முதலில் மேல் கீல் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். ஸ்க்ரூ ஓட்டையில் மரக்குச்சியைப் பசை போட்டு அடித்து, பழையதைவிட அரை அங்குலம் நீளமான ஸ்க்ரூ போட்டாலே பல கதவு நிமிர்ந்துவிடும். 200, 300 ரூபாய் வேலை. பாத்ரூம் கதவின் கீழ் மரம் ஊறி உளுத்திருந்தால் ஒட்டுப் போடுவது வீண், பிவிசி கதவுதான்.

இனி ஈரச் சுவர். உங்கள் பட்டியலில் 2,000 ரூபாயில் முடியக்கூடியதும், 15,000 வரை இழுக்கக்கூடியதும் இதுதான். ஆளைக் கூப்பிடுவதற்கு முன்பே நீங்களே கண்டுபிடிக்கலாம். இரவு எல்லாக் குழாயையும் மூடி, மோட்டாரும் போடாமல், டேங்கில் தண்ணீர் நிற்கும் மட்டத்தைச் சாக்பீஸால் குறித்துவையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் சுவருக்குள் ஓடும் பைப்பில் கசிவு. ஃப்ளஷ் டேங்க் உள்ளே ஒழுகினாலும் மட்டம் இறங்கும், எனவே அதன் வால்வையும் மூடியிருக்க வேண்டும். மட்டம் அப்படியே இருந்து, குளித்த பிறகுதான் ஈரம் கூடுகிறது என்றால் தரை டைல்ஸ் இணைப்பு அல்லது தரையில் தண்ணீர் போகும் நஹானி டிராப்பைச் சுற்றிக் கசிவு. இரண்டும் இல்லை, சுவரின் அடி இரண்டடி மட்டும் உப்புப் பூத்து உதிர்கிறது என்றால் தரையிலிருந்து ஏறும் ஈரம். அதற்குப் பாத்ரூமை உடைத்துப் பயனில்லை. இந்தச் சோதனை செய்யாமல், வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு “ஃபுல்லா பிரிக்கணும் சார், ரெண்டு நாள் வேல” என்று சொன்னால் சுத்தியலை எடுக்க விடாதீர்கள்.

தரை இணைப்புதான் காரணம் என்றால் உடைக்க வேண்டாம். பழைய வெள்ளை சிமெண்டை மூன்று மில்லி ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, நன்றாக உலரவிட்டு, டைல்ஸ் இடைவெளியை அடைக்கும் எபாக்ஸி கிரவுட் போட்டு, ஒரு முழு நாள் தண்ணீர் படாமல் வைக்க வேண்டும். ஐந்துக்கு எட்டு பாத்ரூமுக்கு ஒரு ஆள் ஒரு நாள், பொருளோடு 2,000 முதல் 3,000. இங்கே நடக்கிற தவறு, ஈரம் காயாமலே கிரவுட் போடுவது. இரண்டு மாதத்தில் பெயர்ந்துவிடும்.

பைப்தான் என்றால் கணக்கு வேறு. பிளம்பர் ஒரு நாள் 1,100. கொத்தனார் ஒரு நாள் 1,200, பெரியாள் 800. மூன்று நான்கு அடி முக்கால் அங்குல சிபிவிசி பைப், பித்தளை எல்போ, கப்ளிங், சொல்யூஷன் சேர்ந்து 600க்குள். சிமெண்ட் கால் மூட்டை போதும், ஆனால் ஒரு மூட்டைதான் வாங்க வேண்டிவரும், 350க்கு மேல். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனதால், பழைய ரேட் சொல்கிற கடையில் பில் கேளுங்கள். எம்-சாண்ட் மூட்டையாகவே கிடைக்கும், இரண்டு மூட்டை. டைல்ஸ் ஆறு. உடைத்த கழிவை அள்ளிப்போக குட்டி யானை கூப்பிட்டால் 800க்கு மேல். நாலு சாக்குதான் என்றால் அந்தப் பெரியாளிடமே பேசிக்கொள்ளலாம். எல்லாம் சேர்ந்து 4,500 முதல் 5,500. இதில் ஏமாற்றமாக முடிவது டைல்ஸ். இருபது வருஷத்து டைல்ஸின் ஜோடி கடையில் கிடைக்காது. ஆறு டைல்ஸுக்காக ஒரு சுவர் முழுக்க மாற்றி 15,000 செலவு செய்வதைவிட, உடைத்த வரிசை முழுக்க வேறு நிறத்தில் ஒரு பட்டையாக ஓட்டிவிடுவது புத்திசாலித்தனம். பார்க்கவும் அசிங்கமாக இருக்காது.

சுவரை மூடுவதற்கு முன் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். ஒட்டிய இணைப்பை இரவு முழுக்க விட்டு, காலையில் டேங்க் வால்வைத் திறந்து, இரண்டு மணி நேரமாவது கைதுடைத்துத் தொட்டுப் பார்த்து, காய்ந்தே இருக்கிறது என்றால்தான் கொத்தனார் கலவை போட வேண்டும். பிளம்பரும் கொத்தனாரும் ஒரே நாளில் வந்தால் சாயங்காலத்துக்குள் மூடிவிட அவசரப்படுவார்கள். முதல் நாள் பிளம்பர், மறுநாள் பத்து மணிக்கு மேல் கொத்தனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடுவதற்கு முன் பைப் ஓடும் இடத்தில் அளவு நாடாவை விரித்து ஒரு போட்டோ எடுத்து வைத்தால், நாளைக்கு யாராவது ஆணியடிக்க டிரில் போடும்போது உதவும்.

பூச்சு வேலையில் எவ்வளவு பொருள் கேட்கிறார்கள் என்று சரிபார்க்க ஒரு அளவு: 100 சதுர அடிச் சுவருக்கு அரை அங்குலக் கனத்தில் ஒன்றுக்கு ஐந்து கலவை போட, சிமெண்ட் ஒரு மூட்டைக்கும் சற்றுக் குறைவு, மணல் ஐந்து கன அடி. இதற்கு மூன்று மூட்டை கேட்டால் மீதி எங்கே போகும் என்று கேட்கலாம்.

மொட்டை மாடி. வேலூர் வெயிலில் தளம் பகலில் விரிந்து இரவில் சுருங்குவதால் விரிசல் விழுவது இயல்பு. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில்தான் முதலில் விழும். விரிசல் மேல் அப்படியே பெயிண்ட் அடிப்பது ஒரு கோடைக்குக்கூடத் தாங்காது. விரிசலை ஆங்கில ‘வி’ வடிவத்தில் அகலப்படுத்தி, தூசி ஊதி, கிராக் ஃபில்லர் அடைத்து, மேலே ஃபைபர் வலை ஒட்டி, மூலைகளில் கலவையைச் சரிவாக வைத்து மழுக்கி, அதன்பின் இரண்டு கோட் வாட்டர்ப்ரூஃப் பூச்சு, ஒன்றுக்கொன்று குறுக்காக. பொருளும் கூலியுமாகச் சதுர அடிக்கு 30 முதல் 50 வரை பேசுவார்கள். 600 சதுர அடிக்கு 18,000 முதல் 30,000. 15 ரூபாய்க்கு முடிக்கிறேன் என்பவர் டப்பாவில் தண்ணீரைக் கூட்டிவிடுவார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டப்பா மேல் லிட்டருக்கு எத்தனை சதுர அடி என்று அச்சிட்டிருக்கும். அதைக் கொண்டு எத்தனை டப்பா வேண்டும் என்று கணக்குப் போட்டு, டப்பாவை நீங்களே வாங்கி, காலி டப்பாவை எண்ணிப் பாருங்கள்.

கோடையில் நடுப்பகலில் பூசக்கூடாது. சூட்டில் மேல்தோல் காய்ந்து அடியில் ஈரம் சிக்கி, கொப்புளமாகக் கிளம்பும். காலை பத்துக்குள், அல்லது நாலு மணிக்கு மேல். காய்ந்தபின் தண்ணீர் போகும் குழாயை அடைத்து, ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் வைத்து, கீழே கூரையைப் பாருங்கள். கடைசித் தவணை அதற்குப் பிறகுதான். தண்ணீர் ஒரு பக்கம் தேங்கி நிற்கிறது என்றால் வாட்டம் சரியில்லை. நூறு அடிக்கு ஒரு அடி சரிவாவது வேண்டும். வாட்டம் இல்லாத தளத்துக்கு எந்தப் பூச்சும் நிற்காது, மேலே தட்டோடு பதித்து வாட்டம் எடுக்க வேண்டும், அது பெரிய செலவு. அதை முதலிலேயே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றித் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

நாள் கூலியா, பேசிய ரேட்டா? உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத வேலைக்கு நாள் கூலி: சுவர் உடைப்பது, பழைய ஒயரைத் தேடுவது. பேசிய ரேட்டில் கொடுத்தால் தேடாமலே மூடிவிடுவார்கள். அளந்து எண்ணக்கூடிய வேலைக்குப் பேசிய ரேட்: மொட்டை மாடி, பெயிண்டிங், டைல்ஸ். நாள் கூலியில் விட்டால் பெயிண்டிங் ஒரு வாரம் நீளும். சதுர அடி ரேட் என்றால் கதவு ஜன்னலைக் கழிப்பாரா, சாரம் கட்ட யார் செலவு, பழைய பெயிண்டைச் சுரண்டுவது இதில் சேருமா என்று மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சில் சாரம் எப்போதும் வீட்டுக்காரர் தலையில்தான் விழும்.

பொருளை யார் வாங்குவது என்பதில் தினமும் சண்டை வரும். ஹார்டுவேர் கடையில் பிளம்பருக்குக் கமிஷன் உண்டு, இது ஒளிவுமறைவு இல்லை. 500 ரூபாய்க்குள் என்றால் அவரையே வாங்க விடுங்கள்; பொருந்தாததை மாற்றித் தரும் அலைச்சல் அவருடையது. அதற்கு மேல் என்றால் அவரோடு நீங்களும் கடைக்குப் போய், பில்லை உங்கள் பெயரில் வாங்குங்கள். அட்வான்ஸ் பொருளுக்கு மட்டும். கூலியில் ஐந்தில் ஒரு பங்கை ஒரு வாரம் கழித்துத் தருவதாக முதலிலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், வேலை முடிந்தபின் சொன்னால் மனஸ்தாபம்தான் மிச்சம்.

ஆக உங்கள் பட்டியலுக்கு: குழாய், ஃபேன், கதவு மூன்றும் அரை நாளில், பொருளோடு 1,500க்குள். ஆர்சிசிபி போட்டால் இன்னும் 1,800 முதல் 2,900. ஈரச் சுவருக்குச் சோதனைக்குப் பிறகு 2,000 முதல் 5,500. மொட்டை மாடி தனி. சில்லறை வேலை, ஈரச் சுவர், மொட்டை மாடி மூன்றுக்கும் ஒரே நாளில் ஆள் சேர்க்கப் பார்க்காதீர்கள், ஒருவர் மற்றவர் வேலையைக் கெடுப்பார்.

எப்போது கூப்பிடுவது என்பதிலும் காசு இருக்கிறது. மார்கழியில் பொங்கலுக்கு வெள்ளையடிக்க எல்லோரும் ஓடுவார்கள், கூலியும் ஏறும், ஆளும் கிடைக்க மாட்டார். காட்பாடிப் பக்கம் கல்லூரி திறக்கும் முன் வாடகை வீடுகளைத் தயார் செய்யும் மே, ஜூனிலும் அதே நிலைதான். ஆடியில் புது வீட்டு வேலையும் கிரகப்பிரவேசமும் குறைந்து ஆட்கள் சும்மா இருப்பார்கள்; வீட்டுக்குள் செய்யும் ரிப்பேரை அப்போது வைத்துக்கொண்டால் பேரம் படியும். ஆனால் மொட்டை மாடியை ஆடிக்குத் தள்ளாதீர்கள், சாயங்கால மழை அந்த மாதமே தொடங்கிவிடும். பங்குனியிலிருந்து வைகாசிக்குள் முடித்துவிட வேண்டியது அது.

கடைசியாக, செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டால் இந்தச் சில்லறை ஆளிடம் “கொஞ்சம் இறங்கிப் பாருப்பா” என்று சொல்லிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்க்கும், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆளை இறக்குவது குற்றம். உறிஞ்சும் லாரிக்கு 14420 என்ற எண்ணில் சொல்லலாம். லாரி வரும் முன் மூடியைத் திறந்து வைக்க மட்டும் ஒரு பெரியாள் போதும்.